காயாத குளிர்ச்சட்டை

நவம்பர் 4, திங்கள்

இதை நான் எழுதவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கைத்தொலைபேசி எழுதிக்கொள்கிறது. மகன் பகீரதன் செய்து தந்த ஏற்பாடு. முதலில் வழமையாகக் கதைக்கிற மாதிரித்தான் கதைத்தேன். மருமகள் தர்மினி வாசித்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொலைபேசிக்கு முல்லைத்தீவுப் பேச்சு விளங்கவில்லையாம். பிறகு வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலச் சொல்லிப் பார்த்தேன், பிழையில்லாமல் எழுதியது. பிறந்த நாள் முதல் வானொலி கேட்டவனுக்கு அது ஒரு கஷ்டமா? ஆகவே இனிச் செய்தித் தமிழ்தான். மற்றவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் சொன்னபடியே சொல்வேன். தொலைபேசி எப்படியாவது சமாளிக்கட்டும்.

பெயர் இளையதம்பி. தொழில் கடல். அது முன்பு. பகீரதன் ஜெர்மன் கடவுச்சீட்டுக்காரன். காற்றாடி இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து டென்மார்க்குக்கு வந்து வீடு வாங்கினான். அந்தக் கடவுச்சீட்டின் தயவில்தான் என்னையும் கூப்பிட முடிந்தது. ஐப்பசி பிறந்த கையோடு வந்து சேர்ந்தேன்.

போன கிழமை ஒரு கரைச்சல். ஊர் நடுவுக்குத் தனியாகப் போய்வரலாம் என்று புறப்பட்டேன். பெருந்தெருவின் ஓரத்தில் கூட்டித் துடைத்தது போல ஒரு பாதை. நடுவால் நடந்தேன். பின்னால் மணி அடித்தது. கோயில் மணி என்று நினைத்து நின்றேன். ஒரு பெண் என்னை இடிக்காமல் திருப்பப் போய்ச் சைக்கிளோடு வேலிக்குள் விழுந்தாள். அது சைக்கிள்காரர் பாதையாம். விழுந்தவள் என்னைத் திட்டவில்லை. முழங்கையில் இரத்தத்தோடு எழும்பி, என் கையைப் பிடித்து, நான் காட்டிய வழியே வீடு வரை கொண்டுவந்து விட்டாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று பின்னேரம் பகீரதன் சொன்னான்: “அப்பா, நாங்கள் ரண்டு பேரும் வேலைக்குப் போயிடுவம். நீங்கள் தனியத் திரிஞ்சு பழகவேணும். உங்களை வீட்டுக்கை பூட்டி வைச்சிட்டுப் போக என்னாலை ஏலாது. தை வரைக்கும் பாப்பம். சரிவராட்டி வவுனியாவிலை அக்காவோடை போய் இருங்கோ.”

“பாப்பம்” என்றேன்.

நான் எங்கும் போகப்போவதில்லை. போரில் என்னை எழுப்பித் துரத்தாத இடமில்லை. பாயைச் சுருட்டிச் சுருட்டிக் கை களைத்துவிட்டது. இதுதான் கடைசிப் பாய்.

நவம்பர் 6, புதன்

ஊர் நடுவுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கை, ஒழுங்கை முடிவில் கல்மதில், மதிலில் ஒரு சின்னப் படலை. படலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தேவாலயம். அதைச் சுற்றிச் சவக்காலை. அதைக் கடந்து மற்றப் படலையால் இறங்கினால் கடைத்தெரு.

“நல்ல பாதை மாமா, காரும் இல்லை, சைக்கிளும் இல்லை” என்றாள் தர்மினி.

“செத்த ஆக்கள் கிடக்கிற இடமெல்லோ பிள்ளை.”

“அவை ஒருத்தரும் மணி அடிக்க மாட்டினம்.”

நாக்கு நீளமான பிள்ளை. எனக்குப் பிடிக்கும்.

மத்தியானம் படலை வரை போய்த் திரும்பி வந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

போனேன். இங்கே சவக்காலையில் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் முழங்கால் உயரத்தில் வேலி வெட்டி, சின்னக் கல் பரவி, வீட்டு முற்றம் போல வைத்திருக்கிறார்கள். ஒரு கிழவி முழங்காலில் இருந்து புல் பிடுங்கினாள். ஒரு தாய் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். போகிற போக்கில் எல்லோரும் “ஹை” என்கிறார்கள். நானும் சொன்னேன்.

கடைத்தெருவில் நூலகம் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் அங்கே வெளிநாட்டுக்காரருக்குக் கோப்பி ஊற்றித் தந்து டேனிஷ் கதைக்கப் பழக்குகிறார்கள். எழுத்து வேண்டாம், காது போதும். இன்று முப்பது சொல் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தர்மினியிடம் முப்பதையும் ஒப்புவித்தேன்.

நூலகத்துக்கு அப்பால் தெரு இறக்கமாக இறங்கிக் கடலில் முடிகிறது. அந்தப் பக்கம் காற்று அதிகம். போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உடுத்திருந்த எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுவிட்டுத் தலையோடு தோய்ந்தேன். சுடலைக்குப் போனால் துடக்கு. தோயாமல் வீட்டுக்குள் புழங்கக் கூடாது. இது எந்த நாட்டிலும் மாறாது.

நவம்பர் 12, செவ்வாய்

சண்டை.

தர்மினிக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. விடிய ஐந்து மணிக்குப் போய் மூன்று மணிக்கு வருவாள். அவள் வந்ததும் கூடத்தில் மீன் மணம் நிறையும், நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவேன். அவளுக்குக் குளிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். இன்று குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

“மாமா! சுடுதண்ணியை ஆர் முடிச்சது?”

“நான்தான் பிள்ளை.”

“விடியவும் குளிச்சனீங்கள்தானே?”

“அது விடியலுக்கு. இது சவக்காலைக்கு.”

இந்த வீட்டில் சுடுதண்ணீர் ஒரு தாங்கியில் நிற்கிறது. முடிந்தால் திரும்பச் சூடாக ஒரு மணித்தியாலம் வேண்டும். அது எனக்குத் தெரியாது. அவள் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மீன் செதில் ஒன்று கழுத்தில் ஒட்டியிருந்தது.

“நாள் முழுக்க ஐஸ் தண்ணியிலை நிண்டு மீன் வெட்டுறன் மாமா. எனக்குக் கிடைக்கிற ஒரே சுகம் இந்தச் சுடுதண்ணிதான். இஞ்ச ஒருத்தரும் சவக்காலைக்குப் போட்டு வந்து குளிக்கிறேல்லை.”

“ஒருத்தரும் குளிக்காத ஊரிலை ஒருத்தனாவது குளிக்கட்டும்.”

“சரி, குளியுங்கோ. ஆனா உந்தக் குளிர்ச்சட்டையை ஏன் நனைக்கிறியள்?”

பகீரதன் எனக்கு வாங்கித் தந்த சட்டை. உள்ளே வாத்திறகாம். நனைந்தால் மழையில் செத்த கொக்குப் போலத் தொங்கும். மூன்று நாளானாலும் காயாது. ஆனால் போட்டுக்கொண்டு சவக்காலைக்குள் போன உடுப்பு அல்லவா? தோய்க்காமல் எப்படி?

“ஒண்டில் அந்தப் பாதையாலை போகாதேங்கோ, இல்லாட்டி வந்து குளிக்காதேங்கோ” என்றாள்.

போகாவிட்டால் வவுனியா. குளிக்காமல் என்னால் இருக்க முடியாது. இரண்டையும் செய்வேன். அவளுடைய சுடுதண்ணீரைத் தொட மாட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

பின்வளவில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் குழாய் இருக்கிறது. சவக்காலையால் வந்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு, செடி மறைவில் நின்று தலையில் பிடித்தேன். கடும் வாடைக்காற்று. முதல் தண்ணீர் விழுந்தபோது பற்கள் தாமாகவே பாட்டுப் பாடின. பரவாயில்லை. தோய்ந்து முடித்துத் திரும்பினால், வேலிக்கு மேலால் ஒரு வெள்ளைத் தலை. பக்கத்து வீட்டு இங்கர். என் வயதிருக்கும், தனியாக இருக்கிறாள்.

பொலிசுக்குச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கை தட்டினாள்.

நவம்பர் 16, சனி

காலையில் இங்கர் ஒரு பெட்டி பிஸ்கற்றும் ஒரு தடித்த குளியல் அங்கியும் கொண்டுவந்து தந்தாள். செத்துப்போன கணவருடைய அங்கியாம். தர்மினி மொழிபெயர்த்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் இடைக்கிடை நிறுத்தி.

“மாமா, அவ நினைக்கிறா நீங்கள் குளிர்க் குளிப்புக்காரர் எண்டு. இஞ்ச மாரியிலை கடலிலை குளிக்கிற ஆக்கள் இருக்கினம். சங்கமே வைச்சிருக்கினம். புதன்கிழமையிலை போறவை. உங்களையும் வரட்டாம்.”

“கடலுக்கோ?”

“ஓம். இறங்கி ஏறினவுடனை சூட்டு அறையொண்டு இருக்காம். ஒண்டு சொல்லவேணும் மாமா, அவையிலை கன பேர் உடுப்பில்லாமல்தான் இறங்கிறது.”

நான் இங்கரைப் பார்த்தேன். அவள் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினாள்.

“எனக்கு ஏலாதெண்டு சொல்லு. குளிர்.”

“குழாய்த் தண்ணியை விடக் கடல் குளிரோ மாமா?”

“முழங்கால் நோ எண்டு சொல்லு.”

சொன்னாள். இங்கர் கதவைத் தாண்டும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். முழங்கால் நோவுக்குக் கடல் நல்லதாம்.

நவம்பர் 18, திங்கள்

குப்பை நாள். எல்லாவற்றையும் அதனதன் பெட்டியில் சரியாகப் போட்டேன். தேங்காய்ச் சிரட்டையை எதில் போடுவது என்று மட்டும் இந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 21, வியாழன்

பனி கொட்டியிருக்கிறது. குழாய் வெடித்துவிடும் என்று பகீரதன் வெளித்தண்ணீரைப் பூட்டிவிட்டான். மாரி முடியும்வரை திறக்க மாட்டார்களாம். உடுப்புத் தோய்க்கும் அறையில் வாளியில் பச்சைத்தண்ணீர் பிடித்துக் குளித்தேன். அதுவும் தண்ணீர்தான்.

நூலகத்தில் இன்று எண்களும் நேரமும். வரும் வழியில் கடையில் நானே கேட்டு உருளைக்கிழங்கு வாங்கினேன். கடைக்காரப் பெடிச்சிக்கு விளங்கிவிட்டது.

நவம்பர் 27, புதன்

சவக்காலையைப் பார்க்கும் பிரேபன் என்ற மனிதரோடு பழக்கமாகிவிட்டது. நீலக் காற்சட்டை, சிவந்த மூக்கு. இந்த நாட்களில் அவர் பச்சைக் கிளைகளை வெட்டி ஒவ்வொரு கல்லடியிலும் மண் தெரியாமல் பரப்புகிறார். பன்புல் பாய் இழைப்பது போலக் கிளைக்குள் கிளை சொருகுகிறார். உள்ளே கிடப்பவர்களுக்குக் குளிராதிருக்கவா என்று கையால் கேட்டேன். சிரித்தார். கிளைக் கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். மறுக்கவில்லை. கடைசியில் தன் கோப்பியில் பாதியை ஊற்றித் தந்தார்.

கோப்பியைக் குடிக்கும்போது பார்த்தேன்: தேவாலயத்தின் பின்புறம் கல்லே இல்லாத ஒரு புல்வெளி. நடுவில் ஒரே ஒரு பெரிய பாறாங்கல். அங்கே மட்டும் அவர் கிளை பரப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னது முழுக்க விளங்கவில்லை. சொற்களை அப்படியே மனதில் பிடித்துக்கொண்டு வந்து தர்மினியிடம் சொன்னேன்.

“அது கல் வேண்டாம் எண்ட ஆக்களைப் புதைக்கிற இடம் மாமா. அந்தப் புல்லுக்குள்ளைதான் கிடப்பினம். வீட்டுக்காரருக்கும் எந்த இடமெண்டு தெரியாதாம்.”

“பெயர் தெரியாத ஆக்களோ?”

“பெயர் தெரியும். இடம்தான் தெரியாது.”

“ஒருத்தருக்கும் தெரியாதோ?”

“பிரேபனுக்குத் தெரியுமாம்.”

இன்று இரண்டு தரம் குளித்தேன். ஏன் என்றால், கிளையெல்லாம் தூக்கியிருந்தேன் அல்லவா.

டிசம்பர் 5, வியாழன்

இருட்டு. நாலு மணிக்கு விளக்குப் போடுகிறார்கள். போய் வந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை விளக்கீடு. வாசலில் சிட்டி விளக்கு வைத்து எரித்தோம். இங்கர் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வாசலிலும் இரண்டு மெழுகுதிரி வைத்தாள். இங்கேயும் இன்று ஏதோ விளக்குத் திருநாளாம். எங்களுடையதைத்தான் கொண்டாடுகிறாள் என்று தர்மினி பகிடி விட்டாள்.

குளிர்ச்சட்டை காயவில்லை. ஈரத்தோடு போய் வந்தேன். கொஞ்சம் இருமல்.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்று நத்தார், இவர்களுடைய பெரிய நாள். பின்னேரம் மூன்று மணிக்கே மணி அடித்தது. ஊர் முழுக்கச் சவக்காலைக்கு வந்துவிட்டது. பிள்ளைகுட்டிகளோடு வந்து ஒவ்வொரு கல்லடியிலும் மெழுகுதிரி ஏற்றினார்கள். ஒருவரும் அழவில்லை. “போய்ப் பாப்பம் மாமா” என்று தர்மினி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பகீரதன் சோறு சமைக்க நின்றான்.

அந்தப் புல்வெளிப் பாறாங்கல்லைச் சுற்றியும் திரிகள். தர்மினி கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து ஏற்றி அங்கே வைத்தாள்.

“ஆருக்கு?”

“அத்தைக்கு.”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. “அவள் இஞ்சையோ கிடக்கிறாள்?” என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தர்மினி அசையவில்லை.

“அவ எங்கை கிடக்கிறா எண்டு நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை மாமா. உங்கடை மகனும் கேட்டுக் களைச்சிட்டார்.”

அவளை விட்டு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

சொல்வதற்கு என்ன இருக்கிறது? என் மனைவி பூரணம் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் முள்ளிவாய்க்காலில் செத்தாள். எறிகணை விழுந்தது. காலையில் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை என்று முகத்தைச் சுளித்தவள் மத்தியானம் இல்லை. மூன்று பனை, சாய்ந்த உழவு இயந்திரம், உடைந்த நீலத் தண்ணீர்த் தாங்கி. அவற்றுக்கு நடுவில் மணலைக் கையால் தோண்டி வைத்தேன். பகீரதன் அப்போது ஜெர்மனியில், மகள் வவுனியாவில். பிரேபனைப் போல எனக்கும் இடம் தெரியும். பிறகு எழும்பி நடக்கச் சொன்னார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தது. இறங்கித் தோயலாம் என்று பார்த்தேன். அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது, கடலிலிருந்தும் சுட்டார்கள். தோயாமல் அப்படியே நடந்தேன். முகாமில் குடிக்கிற தண்ணீருக்கே வரிசை.

அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கைச் சீனியில் பிரட்டிப் பொரித்திருந்தான் பகீரதன். இங்கத்தைய வழக்கமாம். ருசியாகத்தான் இருந்தது.

ஜனவரி 3, வெள்ளி

காய்ச்சல். வாளிக் குளிப்பும் ஈரச் சட்டையும் நெஞ்சில் இறங்கிவிட்டன என்று டொக்டர் சொன்னாராம். நான்கு நாளாக நூலகமும் இல்லை, சவக்காலையும் இல்லை.

ஜனவரி 8, புதன்

எழும்பி இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மகனும் மருமகளும் கதைப்பது கேட்டது. கண் மங்கினாலும் காது மங்கவில்லை.

“மாசி மாசத்துக்கு ரிக்கற் பாத்திட்டன். அக்காவோடையும் கதைச்சிட்டன்.”

“ஆரைக் கேட்டுப் பாத்தனீங்கள்?”

“தர்மினி, அவர் உந்தக் குளிப்பை விடமாட்டார். இன்னொருக்காக் காய்ச்சல் வந்தா ஆள் மிஞ்சாது. உனக்கும் சுடுதண்ணி இல்லை எண்டு நீதானே கத்தினனீ.”

“நான் கத்துவன். அது எனக்கும் மாமாவுக்கும் உள்ள சண்டை. நீங்கள் அதுக்குள்ளை ரிக்கற் போடாதேங்கோ. மனுசன் தனியக் கடைக்குப் போறார், டேனிஷ் கதைக்கிறார், சவக்காலைக்காரனோடை கோப்பி குடிக்கிறார். இந்தத் தெருவிலை எனக்குத் தெரியாத ஆக்களெல்லாம் என்னட்டை ‘மாமா எப்பிடி’ எண்டு கேக்கினம். இதுக்கு மேலை என்ன பழகவேணும்?”

பிறகு பாத்திரச் சத்தம்.

அந்தப் பிள்ளை எனக்காகக் கதைக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுடுதண்ணீரை முடித்தவன் நான்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். முற்றத்தில் பனி கிடந்ததால் அடுப்பில்தான் பொங்கினோம். ஒன்பது மணி வரை சூரியன் தலைகாட்டவில்லை. காத்திருந்து படைத்தோம். பகீரதன் சொன்ன தை இதுதான்.

சாப்பிட்டு முடிந்ததும் நானே தொடங்கினேன்.

“தம்பி, ரிக்கற் வாங்காதை. குளிப்பை விடுறன்.”

அவன் நம்பவில்லை. “எத்தினை தரம் சொல்லியாச்சு அப்பா.”

“நான் ஒருக்காலும் சொல்லேல்லை. நீதான் சொன்னனீ. இப்ப நான் சொல்லுறன். ஆனா ஒரு குளிப்பு மிச்சம் இருக்கு. அது முடியட்டும்.”

“என்ன குளிப்பு?”

நான் தர்மினியைப் பார்த்தேன். “பிள்ளை, பக்கத்து வீட்டு அம்மாவிட்டைக் கேள். சங்கத்திலை இன்னும் இடம் இருக்கோ எண்டு.”

பகீரதன் கரண்டியை வைத்துவிட்டான். “அப்பா, காய்ச்சலாலை எழும்பி ஒரு கிழமை ஆகேல்லை. அது கடல்!”

“கடல் எண்டு எனக்குத் தெரியும். நீ பிறக்க முன்னமே தெரியும்.”

டொக்டரைக் கேட்க வேண்டும் என்றான். கேட்டான். நெஞ்சு தெளிந்துவிட்டது, ஒரு கிழமை பொறுத்து, ஆட்களோடு, உடனே ஏறுவதானால் இறங்கலாம் என்றாராம். இந்த ஊர் டொக்டரும் சங்கத்து ஆளோ என்னவோ.

ஜனவரி 22, புதன்

இங்கர் ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நூலகத்துக்கு அப்பால் உள்ள அந்த இறக்கத்தால் முதல் முறை இறங்கினேன். மரத்தால் செய்த துறை, முடிவில் ஏணி, கரையில் சூட்டு அறை. மற்றவர்கள் இறங்கி ஏறினார்கள். தர்மினி சொன்னது பொய்யல்ல. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இது பெருங்கடல் அல்ல. நிலத்துக்குள் நுழைந்த குடா. அலை இல்லை. ஆனால் மணம் ஒன்றுதான்.

நான் இறங்கவில்லை. முழங்கால் நோ என்று இந்த முறை டேனிஷிலேயே சொன்னேன். இங்கர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, “அடுத்த புதன்” என்றாள்.

ஜனவரி 27, திங்கள்

பிரேபனைப் பார்க்கப் போனேன். பனிக்குள் ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தார். யாரோ வருகிறார்களாம். மண்வாரியில் சாய்ந்து நின்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். அந்தப் புல்வெளியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். நத்தாரில் வைத்த திரிகளின் அடிகள் இன்னும் கிடந்தன. தர்மினி வைத்ததும் கிடந்தது. சிவப்புக் கண்ணாடி, விளிம்பில் சிறு வெடிப்பு. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 29, புதன்

தர்மினி அரை நாள் லீவு எடுத்திருந்தாள். பகீரதன் வரவில்லை. பயத்தில் வரவில்லை என்று அவன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இங்கர் முன்னால், அவளுடைய கணவரின் அங்கியோடு நான் நடுவில், பெரிய துவாயோடு தர்மினி பின்னால். சவக்காலையால்தான் போனோம். பிரேபன் தொப்பியைக் கழற்றினார்.

துறையில் ஏழெட்டுப் பேர். நான் சாரத்தோடு நின்றதை ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. ஏணிக் கம்பியில் உறைபனி. இங்கர் முதலில் இறங்கிக் கழுத்தளவில் நின்று கை நீட்டினாள். கை வேண்டாம் என்றேன். ஏணி பிடித்து இறங்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? முதற்படியில் கால் செத்தது. அடுத்ததில் இடுப்பு செத்தது. அடியில் மணல். அதைக் காலால் தொட்டதும் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கும்பிட்டுக்கொண்டு முழுகினேன். மூச்சுப் போய்விட்டது, காது இரண்டும் அடைத்துவிட்டது. எழும்பினேன். மறுபடி முழுகினேன். கண்ணைத் திறந்து பார்த்தேன்: பச்சை. மூன்றாம் தரம் முழுகும்போது ஒரு பெயர் சொன்னேன். தண்ணீருக்குள் சொன்னது, யாருக்கும் கேட்டிருக்காது.

ஏறும்போது கால் தடக்கியது. இங்கர் பின்னாலிருந்து முதுகைத் தாங்கினாள். தர்மினி துவாயைப் போர்த்தித் தலையைத் துவட்டினாள், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவது போல. சூட்டு அறையில் இருத்தினார்கள். உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் பலகை ஆடியது. முகத்தால் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அந்த அறைக்குள் எல்லோருக்கும் வழிந்தது. சூட்டுக்கு.

“மாமா,” என்றாள் தர்மினி, “இண்டைக்குத் தை அமாவாசை. தெரியுமோ?”

“புதன்கிழமை எண்டுதான் தெரியும்.”

அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

வீட்டு வாசலில் பகீரதன் நின்றான். வேலைக்குப் போகவேயில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தான். “உயிரோடை வந்திட்டியளே” என்றான்.

“ஓம். தேத்தண்ணி போடு. சீனி கூடுதலா.”

அவன் போட்டுக்கொண்டு வந்து தந்துவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்தான். குடித்து முடித்து, மூன்று பனையையும் உழவு இயந்திரத்தையும் நீலத் தாங்கியையும் அவனுக்குச் சொன்னேன். எந்தப் பனையிலிருந்து எத்தனை அடி என்பதையும் சொன்னேன். பனைகள் இப்போது இல்லையாம், யாரோ சொன்னார்கள். ஆனால் இடம் இருக்கும். இனி இரண்டு பேருக்குத் தெரியும்.

ஜனவரி 30, வியாழன்

நூலகத்துக்குப் போனேன். டேனிஷில் ஒரு பகிடி சொல்லிச் சிரிக்க வைத்தேன். பால், வெங்காயம் வாங்கினேன். சவக்காலையால் திரும்பி வந்தேன். இரண்டு தரமும் “ஹை” சொன்னேன்.

வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினேன். கை கால் கழுவினேன். வெங்காயம் உரித்தேன்.

மூன்று மணிக்குத் தர்மினி வந்தாள். கொளுவியடியில் நின்று சட்டையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. குளியலறைக்குள் போனாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டது. நடுவில் ஏதோ பாட்டும் கேட்டது. கூடம் முழுக்க அவள் கொண்டுவந்த மீன் மணம்.

நான் அறைக்குள் போகவில்லை. அங்கேயே இருந்து மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தேன்.